ஏப்ரல் ஏழு, அல்லது ஜூலை நாலு

சொர்ணத்தம்மாள் செத்துப் பதிமூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவள்மேல் தப்பில்லை. தேதிமேல்தான் தப்பு.

அன்று காலையில்தான் அவள் புருஷன் பிரமநாயகம் இறப்புச் சான்றிதழ் வாங்க நகராட்சிக்குப் போயிருந்தார். ஏப்ரல் ஏழாம் தேதி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் ஒருக்களித்துப் படுத்தவள், மூன்று மணிக்குக் காப்பி போட எழுந்திருக்கவில்லை. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து அவரே காப்பி போட்டார். அவளுக்கும் ஒரு தம்ளர் ஆற்றி வைத்தார். அதில் ஆடை கட்டின பிறகுதான் சங்கதி தெரிந்தது. அப்படி ஒரு சாவு. ஒரு முனகல் கிடையாது. தெருவில் நாலைந்து பேர் வெளிப்படையாகவே பொறாமைப்பட்டார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு அறையில் இருந்த எழுத்தர் பெயர் ஆவுடையப்பன். நல்ல மனுஷன். கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிரமநாயகத்தைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா இன்னும் சாகலயே."

"என்ன தம்பி சொல்லுதிய?"

"ஜூலை நாலாந் தேதிதான் சாகுதாங்க. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு."

"நான் எரிச்சிட்டு வந்திருக்கேன் தம்பி."

"அது உங்க சொந்த விஷயம்."

ஆவுடையப்பன் பொறுமையாக விளக்கினார். அவர் 07-04 என்றுதான் பதிந்தார். நாள் எண்ணை முதலில் எழுத வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. மாதத்தை முதலில் படிக்க வேண்டும் என்பது சிஸ்டத்துக்கு வந்த உத்தரவு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவ பதிமூணாந் தேதி போயிருந்தா?"

"பிரச்சினையே இல்ல. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கெடையாதுல்லா. சிஸ்டம் தானாத் திருப்பிப் போட்டுக்கிடும். பன்னெண்டு தேதிக்குள்ள செத்தாத்தான் கொழப்பம். ஜனங்க இத யோசிக்கறதே இல்ல அண்ணாச்சி."

வேறொரு ஆளாக இருந்தால் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பான். பிரமநாயகத்தால் முடியவில்லை. முப்பத்து நாலு வருஷம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர் அவர். எத்தனை டிரைவர்கள் வந்து கத்தியிருப்பார்கள்! லோடு இவ்வளவு வராது, மெஷின் தப்பு என்று சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை, மெஷின் சொல்கிறது. அந்த வாயால் இப்போது என்ன பேசுவது?

வீட்டுக்கு வந்தார். சொர்ணத்தம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வாரிய? பூட்டிக் கெடந்தது. பக்கத்து வீட்டு இசக்கிமுத்துகிட்டதான் சாவி வாங்கினேன்."

"அவன் ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டான். பதினாறாம் நாளைக்குப் பந்தல் போட ஆள் சொல்லியாச்சான்னு."

பிரமநாயகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். எழுபத்தோரு வயசில் அவர் தெருப் பார்க்க அழுதது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதார். அதை ஒளிக்கவும் இல்லை.

"வெங்காயம் நான்லா உரிக்கேன்," என்றாள் சொர்ணத்தம்மாள். "நீங்க ஏன் அழுதிய?"

உள்ளே போய்ச் சுவரில் மாலை போட்டுத் தொங்கிய தன் படத்தைப் பார்த்தாள். இந்தப் படத்தையா பெரிசு பண்ணினீர்கள், வேறே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தபடி கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு உலை வைத்தாள். வாழ்க்கை நடந்தது.

மே மாதம் நன்றாகவே போனது. ஜூன் பாதியில் பிரமநாயகம் காலண்டரை எண்ண ஆரம்பித்தார். அவளுக்கு இருக்கிற நாளெல்லாம் ஜூலை நாலு வரைக்கும்தான். அவளை இன்னொரு தடவை எரிக்க அவருக்குத் தெம்பு இல்லை. நகராட்சிக்குப் புறப்பட்டார்.

போன தடவை பதிவு அறைக்குப் போகிற வராந்தாவில் நாலு கதவுகள் இருந்தன. இந்தத் தடவை பத்தொன்பது. நடந்து முடிக்கப் பத்துமணி வெயில் பன்னிரண்டு மணி வெயிலாகிவிட்டது. கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒருவர். இடுப்புக்குக் கீழே பள்ளிக்கூட அரைக்கால்சட்டை, தலையெல்லாம் நரை.

"ரொம்ப நேரமா இருக்கியளோ?" என்றார் பிரமநாயகம்.

"எதுலேருந்து?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

அவருடைய பிறந்த தேதியில் மூன்று கட்டமும் காலி என்று ஆவுடையப்பன் உள்ளே சொன்னார். சிஸ்டம் மூன்றிலும் பூஜ்யம் போட்டுவிட்டது. பூஜ்யமாம் தேதி, பூஜ்யமாம் மாதம், பூஜ்யமாம் வருஷம். பிறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, பிறந்தார் என்றும் சொல்ல முடியாது. பாவம், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யாராவது ஒரு பொட்டலம் கொடுப்பார்கள்.

"எங்க வீட்டம்மா தேதிய மாத்தணும் தம்பி."

"மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. அழிக்க இருக்கு."

"எல்லாத்தையும் அழிச்சிரலாமா?"

"அழிச்சா வெளிய உக்காந்திருக்காரே, அவர் மாதிரி ஆயிருவாங்க. பரவாயில்லயா?"

பிரமநாயகம் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுக்காரர் தன் முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தார். நரைத்த தலை ஆடியது. வேண்டாம் என்றார்.

"மாசத்த மட்டும் அழிச்சா?"

"சிஸ்டம் ஜனவரி போட்டுக்கிடும். ஜனவரி முடிஞ்சு போன மாசம்லா. இப்பமே வீட்ல விழுந்துருவாங்க."

"நாள?"

"ஒண்ணாந் தேதி போடும். மூணு நாள் நட்டம் உங்களுக்கு."

"வேற தேதி எழுத முடியாதா? இன்னும் இருவது வருஷம் தள்ளி?"

ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார். "அண்ணாச்சி, வருங்காலத் தேதிய மனுஷன் எழுதப்பிடாது. சிஸ்டம் மட்டும் வச்சுக்கிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வருஷத்த அழிச்சுப் பாருங்க. காலியா இருந்தா நடப்பு வருஷத்தப் போட்டுக்கிடும். இந்த வருஷம் ஜூலை நாலு. அடுத்த வருஷம் பொறந்தா, அடுத்த வருஷம் ஜூலை நாலு."

"அப்பம் ஜனவரி ஒண்ணுல?"

"ஜனவரி ஒண்ணுல அவங்க இன்னும் சாகல. வந்துருவாங்க."

பிரமநாயகம் விரல் விட்டுப் பார்த்தார். வருஷத்தில் ஆறு மாதமும் நாலு நாளும். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். இப்படி ஒரு யோகம் ஊரில் எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்? வாயெல்லாம் பல்லாக வருஷத்தை அழிக்கச் சொன்னார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊர் ஆம்பளைகளுக்கு அது தோன்றாது.

ஜூலை நாலாம் தேதி காலையில் சொர்ணத்தம்மாள் தலைக்குக் குளித்தாள். அரக்குச் சேலை கட்டினாள். பாத்திரமெல்லாம் விளக்கிக் கவிழ்த்தாள். மத்தியானம் ஒன்றரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தன மணிக்கு?"

"மூணுக்கு," என்றார் பிரமநாயகம்.

"கடிகாரத்தத் திருப்பி வைங்க."

திருப்பி வைத்தார். சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இரண்டே காலுக்கு அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் நகம் பதிந்தது. "ஏங்க, ஏங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். ஏப்ரலில் இப்படி இல்லை. ஏப்ரலில் அவளுக்குத் தெரியாது.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு இசக்கிமுத்து ஏப்ரலில் நூறு நாற்காலி போட்டான். ஜூலையில் நாற்பது.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றாள். பிரமநாயகம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"ஏளா, இத்தன நாள் எங்க இருந்த?"

"க்யூவுல."

"என்ன க்யூ?"

"யாருக்குத் தெரியும்? நகரல."

நீளமான க்யூவாம். முன்னால் நிற்கிற பாதிப்பேருக்கு ஜனவரி ஒன்றுதான் செத்த தேதி. வீட்டார் தேதி சரியாகச் சொல்லாதவர்கள் எல்லாரையும் சிஸ்டம் அந்த ஒரே நாளில் சாகடித்து வைத்திருக்கிறது. அந்த நாள்காரர்கள் மட்டும் கும்பலாக, கல்யாண வீடு மாதிரி நிற்கிறார்களாம்.

"கால் வலிக்காதா?"

"வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் முன்னால போயிருந்தேன். இப்பம் எடம் போச்சு. திரும்பப் போனா கடைசியிலதான் நிக்கணும்."

பிரமநாயகம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு அவள் வந்ததே போதும்.

இரண்டாவது வருஷம் ஜூலையில் இசக்கிமுத்து பத்து நாற்காலி போட்டான். கோயம்புத்தூரிலிருந்து மகள் செண்பகம் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். மூன்றாவது வருஷம் போனில் பேசினாள்.

"லீவு இல்லப்பா. போன வருஷமே அம்மாவுக்குன்னு எடுத்தாச்சு. திரும்பத் திரும்ப அம்மா செத்துட்டான்னா ஆபீஸ்ல சிரிக்கான்."

"சரிம்மா."

"அடுத்த வருஷம் பாக்கலாம்பா."

அந்த வருஷம் இரண்டு நாற்காலிதான். ஒன்றில் பிரமநாயகம் உட்கார்ந்தார். இன்னொன்றில் இசக்கிமுத்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு எத்தனை தடவைதான் துக்கப்படுவது?

ஆனால் நடுவில் இருந்த மாதங்கள் இருக்கின்றனவே, அதைச் சொல்லியாக வேண்டும். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தி பிரமநாயகம் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளாததையெல்லாம் அந்த மாதங்களில் தெரிந்துகொண்டார். வேலை கிடையாது, போகிற இடம் கிடையாது, எண்ணி வைத்த நாள். அதனால் பேசினார்கள். மூன்றாவது வருஷம் ஒரு பிப்ரவரிக் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொர்ணத்தம்மாள் விசிலடித்தாள். கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல், தெருக்கோடி நாய் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. பிரமநாயகம் ஈரவேட்டியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"இது எப்பம் படிச்ச?"

"பத்து வயசுல. எங்க அண்ணன விட நல்லா அடிப்பேன்."

"ஒரு நாள்கூட அடிச்சதில்லையே?"

"நீங்க கேக்கலயே."

அன்று முழுக்க அவளை விசிலடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னப்பிள்ளை மாதிரி இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நச்சரித்தார். அவளுக்கு உதடு வலித்தது. தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று அவர் நினைத்தார். நினைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தார்.

நாலாவது வருஷம் ஜனவரியில் வந்தவள் பால் பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"வருஷத்த எழுதிருங்க," என்றாள்.

"ஏளா, மொதல்ல உள்ள வா."

"எழுதிருங்க. என்னால முடியல. ஒவ்வொரு தடவையும் அந்த முக்கா மணி நேரம். ஒவ்வொரு தடவையும் கடைசியில போயி நிக்கணும். மொதத் தடவ எவ்வளவு நல்லா இருந்தது! படுத்தேன், அவ்வளவுதான். எனக்கு அதக் குடுங்க."

"நான் மட்டும் என்ன செய்வேன்?"

"தெரியல. ஆனா சாகுறது நான்லா."

ஜனவரி போனது. பிப்ரவரி போனது. அவள் தினமும் கேட்டாள். அவர் தினமும் கேட்காதது போலக் காய் நறுக்கினார். தான் செய்வது அநியாயம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் இழுத்தார். ஜூன் கடைசியில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அரக்குச் சேலையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு விட்டுப்போனது.

ஜூலை மூன்றாம் தேதி விடிந்ததும் நகராட்சிக்குப் புறப்பட்டார். சொர்ணத்தம்மாள் தூக்குவாளியில் எலுமிச்சம் சாதம் கட்டிக் கொடுத்தாள். வராந்தா நீளம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"எழுதிட்டு வாரேன்," என்றார்.

அவள் அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

வராந்தாவில் கதவுகளை எண்ணுவதை எழுபதோடு விட்டுவிட்டார். நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார். பெஞ்சுக்காரருக்கும் கொஞ்சம் கொடுத்தார். பதிவு அறைக்குள் நுழையும்போது மணி நாலரை. ஆவுடையப்பன் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"காலிக் கட்டத்த நிரப்பலாம்லா?" என்றார் பிரமநாயகம்.

"நடந்து முடிஞ்ச தேதின்னா நிரப்பலாம். எந்த வருஷம்?"

"மொத வருஷம். மொதத் தடவ செத்த தேதி. ஏப்ரல் ஏழு."

"ஏப்ரல் ஏழுன்னு எழுதினா ஜூலை நாலுன்னுலா படிக்கும்."

"அப்பம் ஜூலை நாலுன்னு எழுதுங்க. அன்னைக்கும் அவ செத்தா. பொய் இல்ல."

ஆவுடையப்பன் அசந்துபோனார். இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்கு இது தோன்றவில்லை. மற்ற இரண்டு கட்டத்தையும் அழித்தார். 04-07 என்று நாள் எண்ணை முதலில் வைத்து, உத்தரவுப்படி அடித்தார். வருஷத்தைச் சேர்த்தார். ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். இது ஏறிட்டுன்னா, அதுக்குப் பொறவு அவங்க பேர்ல இருக்குற நாளெல்லாம் செல்லாது. செத்தவங்களுக்கு நாள் இருக்கப்பிடாது. சிஸ்டம் எடுத்துரும்."

"எந்த நாள்?"

"திரும்பி வந்த நாள் எல்லாம். நாலு வருஷத்து நாளும்."

"எடுத்துட்டுப் போவட்டும். எனக்கு ஞாபகம் இருக்கும்லா."

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாபகத்துக்குன்னு தனி ரெஜிஸ்டர் கெடையாது அண்ணாச்சி. எல்லாம் ஒரே எடம்தான்."

பிரமநாயகம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிப்ரவரிக் காலை அவருக்கு முன்னால் வந்தது. ஈரவேட்டி, மொட்டைமாடி, அந்தக் கணீர்ச் சத்தம். அதை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று கேட்டார். இந்தத் தடவையாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போகலாம், ஆனால் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். நாளைக்கு இந்த வராந்தாவைக் கடந்து வந்து சேர்வதற்குள் மத்தியானம் மூன்றைத் தாண்டிவிடும். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பிடிக்க மணிக்கட்டுகூட இருக்காது.

இப்படியே திரும்பிப் போய்விடலாம், இன்னொரு ஜனவரி வரும், அவளும் வருவாள், திட்டுவாள், திட்டினால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தார்.

"போடுங்க தம்பி," என்றார்.

ஆவுடையப்பன் விரலை அழுத்தினார்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். எதிரில் ஒரு பெரியவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மூடுற நேரம். என்ன வேணும்?"

"வீட்டம்மா இறந்துட்டா. சான்றிதழ் வாங்கணும்."

"பேரு?"

"சொர்ணத்தம்மாள். ஏப்ரல் ஏழு." வருஷத்தையும் சொன்னார்.

ஆவுடையப்பன் தேடினார். உடனே கிடைத்தது. எல்லாம் சரியாக இருந்தது.

"மூணு வருஷத்துக்கு மேல ஆயிட்டே. இவ்வளவு நாள் என்ன செஞ்சிய?"

பிரமநாயகம் யோசித்துப் பார்த்தார். காப்பித் தம்ளரில் ஆடை கட்டினது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு எடுத்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"வீட்லதான் இருந்தேன்."

"கூட யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

ஆவுடையப்பன் ஒரு படிவத்தை நீட்டினார். தாமதத்துக்குக் காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"இதக் காலியா விடாதிய. விட்டா சிஸ்டம் அதுவா ஒண்ணப் போட்டுக்கிடும்."

"என்ன எழுதட்டும்?"

"மறந்துட்டேன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க."

பிரமநாயகம் பேனாவை வாங்கி, மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டின பெண்டாட்டி செத்ததைக்கூட ஒரு மனுஷன் மறப்பானா என்று இந்தப் பிள்ளை நினைக்குமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்தபடியே சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.